முற்றத்து வீடும் மூன்று மாதக் குட்டியும்

காரைக்குடியில் எங்களுடையது நடுவே திறந்த முற்றம் வைத்த பழைய வளவு வீடு. மூன்று மாதப் பூனைக்குட்டியைத் தனியே விட்டு மதுரைக்குப் போய் மறுநாள் திரும்பினால், தீனித் தட்டு முழுக்கக் கட்டெறும்பு. குட்டி ஓட்டுக்கூரையில் நின்று கத்துகிறது. முற்றம் திறந்தவெளி என்பதை மறந்தது என் தப்பு.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு நான்கு நாள் சென்னை போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையை ஒதுக்கினேன். ஜன்னல் கம்பிக்கு நடுவே குட்டி நுழைந்துவிடும், அதனால் கொசுவலை அடித்தேன். தீனிக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவே வைத்தேன், எறும்பு அண்டவில்லை. மூலையில் மணல் தட்டு. ஆத்தங்குடிக் கல் தரை சில்லென்று இருக்கும், படுக்க என் பழைய கைலி.

பக்கத்து வீட்டு ஆச்சி மூன்று வேளையும் வந்து பார்க்கச் சம்மதித்தார். ஆனால் ஒரே தகராறு.

"பச்சைப் புள்ளைக்குப் பால் ஊத்தாம எப்படித் தம்பி?"

"பசும்பால் வயித்துப்போக்கு கொடுக்கும் ஆச்சி, தண்ணி போதும்."

அரைமனதாகத் தலையாட்டினார். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் தூக்கிப் போகச் சொல்லி, கூடையையும் ஆட்டோக்காரர் நம்பரையும் கொடுத்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஆச்சி கையால் தீனி போட வைத்தேன். அதுதான் பெரிதும் உதவியது.

திரும்பி வந்தபோது குட்டி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆச்சி மடியில் கிடந்தது.