எழுதிய கதையை எழுதியவரே ரசித்துப் படிப்பதற்கு

சிறுகதை எழுதுகிறவர்கள் பலர், எழுதும்போது இருந்த மகிழ்ச்சி எழுதி முடித்ததும் வடிந்துவிடுவதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதழில் அச்சாகி வந்த தன் கதையைப் பிரித்துப் பார்க்கவே மனம் கூசுகிறது. இரண்டு பத்தி படித்ததும் மூடி வைக்கத் தோன்றுகிறது. யாராவது பாராட்டினால், முகத்துக்காகச் சொல்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு குரல் முந்திக்கொள்கிறது. எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவிய வழிகளைக் காரணத்தோடு சேர்த்தே இங்கே எழுதுகிறேன்; காரணம் தெரியாமல் செய்தால் இவை வெறும் சடங்காகிவிடும்.

என் கதை ஒன்றிலிருந்து ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன். "அம்மா பதற்றத்தோடு கதவைத் திறந்தாள்" என்று முதலில் எழுதினேன். பதற்றம் என்ற சொல் இருந்ததே தவிர, பதற்றம் தெரியவில்லை. "அம்மா சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தாள்" என்று மாற்றினேன். அதில் விளக்கம் கூடிவிட்டது. மூன்றாவதாக வந்ததுதான் நிலைத்தது: "புளி கரைத்த கையோடு அம்மா கதவைத் திறந்தாள்." வாசகர் இதைப் படிக்கும்போது தண்ணீர் சொட்டும் ஒரு கையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். நான் படிக்கும்போதோ அடியில் கிடக்கும் மற்ற இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தே கேட்கின்றன. இதைவிட நல்ல நான்காவது ஒன்று எங்கோ இருந்திருக்குமோ என்ற சந்தேகமும் உடன் வருகிறது. ஒரு கதையில் இருநூறு வாக்கியங்கள் இருந்தால், இருநூறு இடங்களில் இது நடக்கிறது. எழுதியவர் தன் கதையை ஒருபோதும் தனியாகப் படிப்பதில்லை. கைவிட்ட வரைவுகளோடும், முதன்முதலில் மனத்தில் தோன்றிய அந்தக் குறையற்ற கதையோடும் சேர்த்துத்தான் படிக்கிறார்.

ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது, திருத்துகிற வாசிப்பிலிருந்து ரசிக்கிற வாசிப்பைப் பிரித்து வைப்பதுதான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இருக்கையில் செய்ய முயன்றால் திருத்துகிற கண்ணே வெல்லும்.

இதற்கு முதல் வழி இடைவெளி. எழுதியதை ஒன்பதாம் ஆண்டு வரை வெளியே விடாமல் வைத்திருக்கச் சொன்னார் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ். முதலாம் நூற்றாண்டில் சொற்கலை பயிற்றுவித்த குயின்டிலியன், எழுதியதைச் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, புதியது போலவும் பிறர் எழுதியது போலவும் அதனிடம் திரும்பி வர வேண்டும் என்றார். எழுதியவருக்குத் தன் எழுத்து, பிறந்த குழந்தையைப் போல அளவுக்கு மீறி இனித்துவிடும் என்பதே அவருடைய கவலை. நம்முடைய தொல்லை அதற்கு நேர் எதிரானது என்றாலும் மருந்து ஒன்றுதான் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. சிறுகதைக்கு ஒன்பது ஆண்டுகள் தேவையில்லை. என் அனுபவத்தில் நான்கு முதல் ஆறு வாரங்கள் போதும். ஆனால் அந்த வாரங்களில் வேறொரு கதையைத் தொடங்கிவிட வேண்டும். புதிய கதையின் ஆட்கள் மனத்தில் குடியேறினால்தான் பழைய கதையின் ஆட்கள் கொஞ்சம் விலகி நிற்பார்கள். வேறு வேலையின்றிக் காத்திருந்தால் பழைய வாக்கியங்களையே மனம் மென்றுகொண்டிருக்கும்.

அடுத்தது தோற்றம். கணினித் திரையில் எழுதிய கதையை அதே திரையில், அதே எழுத்துருவில் படிக்காதீர்கள். பழகிய பக்கத்தில் கண் எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை, இருக்கும் என்று நினைப்பதைத்தான் பார்க்கிறது. நாம் பத்து முறை படித்தும் பிடிபடாத ஒற்றுப்பிழையை முதல்முறை படிப்பவர் உடனே சுட்டிக்காட்டுவது அதனால்தான். பிழையை மறைக்கிற அதே பழக்கம் அழகையும் மறைக்கிறது. எழுத்துருவை மாற்றி, இதழ்களில் வருவது போலப் பக்கத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரித்து அமைத்து, அச்செடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் மேசையை விட்டுத் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுங்கள். பேனாவைக் கொண்டுபோக வேண்டாம். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்: கையில் பேனா இருந்தால் அது ஏதாவது ஒரு சொல்லை அடிக்காமல் திரும்பாது. அன்று கண்ணில் பட்ட குறை உண்மையான குறையாக இருந்தால், அது மறுநாளும் அங்கேயே இருக்கும்.

கதையைக் காதால் கேட்பது இதைவிட நல்லது. ஆனால் உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேட்காதீர்கள். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் செவியை எட்டுவதால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இல்லாததால் குரல் மெலிந்து அந்நியமாக ஒலிக்கிறது. அந்தக் கூச்சம் கதையின் மேல் ஏறிவிடும். கைப்பேசியில் தமிழை வாசித்துக்காட்டும் வசதி இப்போது இருக்கிறது. உணர்ச்சியற்ற குரல்தான் என்றாலும், அது உங்கள் குரல் இல்லை என்பதே போதுமான நன்மை.

இன்னொருவர் எதிரே உட்கார்ந்திருக்க, நீங்களே படித்துக்காட்டினால் நிலைமை வேறு. தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடிடம் எழுதிவைத்துவிட்டு 1924இல் இறந்தவர் ஜெர்மன் மொழியில் எழுதிய எழுத்தாளர் காஃப்கா. பிராட் அதற்கு இணங்காமல் அடுத்த ஆண்டே 'விசாரணை' நாவலை வெளியிட்டார். அதே நாவலின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்குப் படித்துக்காட்டியபோது, சில நேரம் மேலே படிக்க முடியாத அளவுக்குக் காஃப்கா சிரித்தார் என்று பிராட் எழுதியிருக்கிறார். எரிக்கச் சொன்ன மனமும் சிரித்த மனமும் ஒருவருடையவைதாம். கேட்பவர்கள் கூடியிருந்த அறையில் அவருக்குத் தன் எழுத்து இனித்திருக்கிறது.

படித்தவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். அது உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. கதையைக் கொடுத்து ஒரு வாரம் கழித்து, எது நினைவில் இருக்கிறது என்று கேளுங்கள். என் அத்தை கதைகளை அதிகம் படிப்பவர் அல்லர். மேலே சொன்ன கதையைப் படித்துவிட்டு, சில நாள் கழித்து அவராகவே கேட்டார்: "புளி கரைச்ச கையோட போய்க் கதவைத் திறந்தாளே, அப்புறம் அந்தக் குழம்பு என்ன ஆச்சு?" அவருக்கு அது வாக்கியமே இல்லை, ஒரு வீட்டு அடுப்படி. அன்றிரவு அந்தக் கதையை எடுத்துப் படித்தபோது, முதல்முறையாக அந்தக் கை எனக்கும் கையாகத் தெரிந்தது.

இத்தகைய வாசிப்பு முடிந்ததும், மனம் நின்ற இரண்டு மூன்று இடங்களை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஏன் நின்றது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். "நடை நன்று" போன்ற பொதுச் சொற்கள் வேண்டாம். "மழை என்று சொல்லாமலே கூரை ஒழுகுவது தெரிகிறது" என்பது போலக் குறிப்பாக இருக்கட்டும். குறைகளை மட்டுமே எண்ணிப் பழகிய மனத்துக்கு இது எளிதில் கைவராது. முதல் சில முறை ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. கதையைக் கொடுக்கும்போதே "ஏதோ கிறுக்கியிருக்கிறேன்" என்று சொல்லிக் கொடுப்பதைப் பண்பாகக் கற்றிருக்கிறோம். அவையடக்கம் தமிழின் பழைய மரபுதான். பாற்கடலை முழுவதும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் போல இராமன் கதையைச் சொல்ல வந்திருப்பதாகக் கம்பரே பாடியிருக்கிறார். ஆனால் அதே பாட்டில் 'ஆசை பற்றி அறையலுற்றேன்' என்றும் சொல்கிறார். அடக்கம் அவைக்கு உரியது, ஆசை அவருக்கு உரியது. அவைக்குச் சொல்லும் பணிவான சொல்லைத் தனியறையில் நமக்கு நாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டால், நாளடைவில் அதை நம்பிவிடுகிறோம்.

பிடிக்காமல் போகும் எல்லாமே மனமயக்கம் என்று நான் சொல்லவில்லை. சில வார இடைவெளியில் மூன்று முறை படித்தும் அதே இடத்தில் நெஞ்சு உறுத்தினால், அங்கே பழுது இருக்கிறது, பேனாவை எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடம் உறுத்தினால் அது களைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கதை மட்டுமன்றிச் சாப்பாடு, பாட்டு, நண்பர்கள் என எதுவுமே பல வாரங்களாகச் சுவைக்கவில்லை என்றால், அதை எழுத்தின் சிக்கலாக எண்ணிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அத்தை கேட்ட பிறகு, குழம்பைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேர்க்கவில்லை. பிரதியின் மேல் தேதியைக் குறித்து உறையில் வைத்தேன். இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, பேனா இல்லாமல், அதை எடுத்துப் படிக்கிறேன்.