நாஸ்கா கோடுகளைச் சிறு விமானத்திலிருந்து பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பெரு நாட்டின் தென்பகுதியில், நாஸ்கா ஊரை ஒட்டிய பாலைவனத்தில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தரையில் கீறி வைத்த குரங்கும் சிலந்தியும் பறவைகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. முழுதாகப் பார்க்கவேண்டும் என்றால் செஸ்னா மாதிரியான சின்ன விமானத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். பறப்பது அரை மணி நேரம். அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள்தான். "எல்லாரும் அங்கே அங்கேன்னு கத்தினாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று இறங்கி வருகிறவர்கள் நிறைய. கண்ணைத் தயார் செய்யாமல் ஏறுவதுதான் காரணம், அதனால் இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம்.

1. ஏறுவதற்கு முன்பே உருவங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

பாலைவனத்தின் மேல்பரப்பு முழுக்க இரும்புத்துரு ஏறிக் கருஞ்சிவப்பான கற்கள். அவற்றை அகற்றி ஓரமாக ஒதுக்கினால் கீழே இருக்கும் வெளிர் மண் தெரியும், அந்த வெளிர்நிறம்தான் கோடு. ஆழம் பெரும்பாலும் 10 முதல் 30 சென்டிமீட்டர். மழை கிட்டத்தட்ட இல்லாத இடம் என்பதால் அழியாமல் நிற்கிறது. அஞ்சலட்டைகளில் பளிச்சென்று தெரிவதெல்லாம் நிறத்தைக் கூட்டி எடுத்த படங்கள்; நேரில் பழுப்பு நிறத் தரையில் கொஞ்சம் வெளுத்த பழுப்புக் கோடு, அவ்வளவுதான்.

அளவும் ஏமாற்றும். சிலந்தி 46 மீட்டர்தான். குரங்கும் ஹம்மிங்பேர்ட் என்ற சிறு பறவையின் உருவமும் 90 மீட்டரைத் தாண்டும், காண்டார் கழுகு அதைவிடப் பெரிது. ஆனால் பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாமே நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும், நடுவில் காய்ந்த ஓடைத் தடங்களும் வண்டித் தடங்களும் வேறு குழப்பும். எனவே முந்தின நாளே போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, நிறம் கூட்டாத படத்தில் அந்த உருவங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பாருங்கள். இதைவிடப் பயனுள்ள தயாரிப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஒவ்வொன்றிலும் எதைத் தேடவேண்டும் என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். குரங்கில் முதலில் சுருள் வாலைத் தேடுங்கள், உடம்பு தானாகத் தெரியும். ஹம்மிங்பேர்டில் நீண்ட நேரான அலகு. 'விண்வெளி வீரர்' என்று பெயர் வாங்கிய உருவம் மட்டும் சமதரையில் இல்லாமல் குன்றின் சரிவில் இருக்கிறது, எனவே குன்றைப் பிடித்தால் போதும். கைகளும் மரமும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை ஓரத்தில், பார்வைக் கோபுரத்துக்குப் பக்கத்தில். அந்தக் கைகளை எண்ணிப் பாருங்கள், ஒன்பது விரல்கள்தான் இருக்கும்!

2024ல் ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு 303 புதிய உருவங்களைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே, அவற்றை விமானத்தில் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவை சராசரியாக 9 மீட்டர் அளவுதான்.

2. எங்கே ஏறுவது

நாஸ்காவிலேயே மரியா ரைஹே பெயரில் சிறு விமான நிலையம் இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த கணித அறிஞர் அவர். வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கோடுகளை அளப்பதிலும் துடைப்பத்தால் கூட்டிச் சுத்தம் செய்து காப்பதிலும் கழித்து 1998ல் மறைந்தார். 1994ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோடுகள் சேர்ந்ததில் அவர் உழைப்பு பெரிது. பிஸ்கோ, இக்கா ஊர்களிலிருந்தும் விமானங்கள் உண்டு, ஆனால் போக வர நேரம் கூடும், கட்டணமும் கூடும். தலைநகர் லிமாவிலிருந்து சாலை வழி சுமார் 450 கிலோமீட்டர், ஒரே நாளில் போய்த் திரும்புவது பெரும் அலைச்சல். முதல் நாள் இரவே நாஸ்கா வந்து தங்கிவிடுங்கள்.

3. டிக்கெட்

இங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன, 2010ல் இரண்டு, 2022 பிப்ரவரியில் ஒன்று. அதனால் பேருந்து நிலையத்தில் கையைப் பிடித்து இழுப்பவர்களிடம் பேரம் பேசி மலிவாக வாங்காதீர்கள். நிறுவனத்திடம் நேரடியாகப் பேசி, எந்த விமானம், இரண்டு பைலட்டுகள் இருப்பார்களா என்று கேளுங்கள். காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், வெயில் ஏற ஏறக் காற்று முரண்டு பிடித்து விமானம் தூக்கித் தூக்கிப் போடும். காலையில் மூடுபனி இருந்தால் தாமதமாகும், எனவே அன்று மதியத்துக்கு வேறு டிக்கெட் எதுவும் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் கட்டாயம். விமான நிலைய வரி தனி, அதற்கு உள்ளூர்ப் பணமான சோல் கையில் இருக்கட்டும். உங்களை எடை போட்டுத்தான் இருக்கை கொடுப்பார்கள், ஜன்னல் எல்லாருக்கும் கிடைக்கும்.

4. வயிறு

குமட்டல் இங்கே சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் லேசாக ஏதாவது சாப்பிடுங்கள், ஒரு ரொட்டி, ஒரு வாழைப்பழம் போதும். பயணக் குமட்டல் மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பறப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள்.

5. மேலே போன பிறகு

பைலட் ஒவ்வொரு உருவத்தின் மேலும் விமானத்தை நன்றாகச் சாய்த்து வட்டமடிப்பார், முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். செஸ்னாவில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே மறைக்காது. சாய்ந்ததும் இறக்கையின் நுனியைப் பாருங்கள், அங்கிருந்து பார்வையை நேராகத் தரைக்கு இறக்கினால் உருவம் அங்கேதான் இருக்கும். ஹெட்செட்டில் சொல்வதைக் கேட்டு மொத்தத் தரையையும் துழாவினால் நொடிகள் போய்விடும். எதிர்ப்பக்கத்தாரின் முறை வரும்போது எட்டிப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள், வயிற்றுக்கு அது ஓய்வு.

6. படம் எடுப்பது

கண்ணால் பிடித்த பிறகுதான் கேமரா. திரை வழியே தேட ஆரம்பித்தால் உருவமும் கிடைக்காது, தலையும் சுற்றும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக. லென்ஸை ஜன்னலில் அழுத்தாதீர்கள், இன்ஜின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் கண்ணாடி) வேண்டாம், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் திட்டுகள் விழும். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டால் பிரதிபலிப்பு குறையும். போன் என்றால் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளுங்கள்.

7. இறங்கியதும்

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மதியத்துக்கு மேல் இக்கா போகும் பேருந்தில் ஏறி நெடுஞ்சாலையோரப் பார்வைக் கோபுரத்தில் இறங்குங்கள், ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லிவையுங்கள். கைகளையும் மரத்தையும் அவசரமில்லாமல் பார்க்கலாம், பக்கத்தில் சாலை குறுக்கே வெட்டிப்போன பல்லி உருவமும் இருக்கிறது. கோபுரத்தைத் தாண்டித் தரையில் கால் வைக்கவே வைக்காதீர்கள். 2014ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் ஹம்மிங்பேர்ட் பக்கத்தில் நடந்துபோன தடமே அந்த மண்ணில் பதிந்து பெரிய பிரச்சினையானது. திரும்பி வர எதிர்ப்பக்கம் நின்று பேருந்தைக் கைகாட்டி நிறுத்தலாம், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.