காட்டோரக் காட்சி மேடை: கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு ஆகிய இரண்டு வனவிலங்கு சரணாலயங்களும் சேர்ந்து கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கொண்டவை. இவற்றின் ஓரத்து ஊர்களில் பொதுமக்கள் விலங்குகளையும் பறவைகளையும் பார்ப்பதற்கு மேடை ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழும்போது, வரைபடமும் மதிப்பீடும் முதலில் தயாராகி, இடம் கடைசியில் தேடப்படுவதே எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கமாகிறது.

நிலம் யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காப்புக்காடாக இருந்தால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும், சரணாலயமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். ஏரிக்கரை என்றால் அந்த ஏரியைப் பராமரிக்கும் துறையின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சித் தீர்மானம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டினால் வேலை பாதியில் நின்றுவிடும்.

அடுத்த தவறு, யானை நடமாடும் இடத்திலேயே மேடையைக் கொண்டுபோய் நிறுத்துவது. கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக ராகி முற்றும் பருவத்தில் யானைக்கூட்டங்கள் ஓசூர் வனக்கோட்டத்துக்குள் ஆண்டுதோறும் வருகின்றன. அப்பருவத்தில் காட்டோர உழவர்கள் பரண் கட்டி, இரவெல்லாம் விழித்து, டார்ச் அடித்தும் பட்டாசு வெடித்தும் அவற்றை விரட்டுகிறார்கள். கால் நாட்டி உயர்த்திய மேடை என்றாலே மனிதக் கூச்சலும் வெடிச் சத்தமும்தான் என்று பழகிப்போன ஒரு கூட்டத்தின் வலசைத் தடத்தில் இன்னொரு மேடையை எழுப்பினால், அவை மிரண்டு திசைமாறி எந்த வயலுக்குள் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தடத்தை விட்டு விலகி நின்று, நீர்நிலையையோ புல்வெளியையோ தொலைவிலிருந்து பார்ப்பதே சரி. ஆடுமாடு மேய்ப்பவர்களிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பேசினால், எந்தப் பள்ளத்தில் எந்த மாதத்தில் எது இறங்கும் என்பது தெரிந்துவிடும்; மதிப்பீடு தயாரிப்பவர்கள் பெரும்பாலும் இவர்களைத் தேடிப் போவதே இல்லை.

விலங்கு வரவில்லை என்பதற்காக மேடைக்கு எதிரே தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவதும் உப்புக்கட்டி வைப்பதும் அதைவிட மோசம். காட்டு விலங்கும் பட்டி மாடும் ஒரே தொட்டியில் வாய் வைத்தால் நோய் இரு பக்கமும் பரவும். கோடையில் அந்தத் தண்ணீரை நம்பி வரும் யானைக்கு, பக்கத்துத் தோட்டத்தின் மாமரமும் தென்னையும் எட்டும் தொலைவில்தான் இருக்கும்.

திசையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கிழக்குப் பார்த்த மேடையில் காலையிலும், மேற்குப் பார்த்த மேடையில் மாலையிலும் வெயில் கண்ணில் குத்தும். விலங்குகள் நடமாடுவதோ அந்த இரண்டு வேளையில்தான். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால், நீர்நிலையின் தென்கரையில் அல்லது தென்மேற்குக் கரையில் வடக்கு நோக்கி அமைத்தால் வெளிச்சம் பார்ப்பவரின் முதுகுப் பக்கமிருந்து விழும். அந்த மாதங்களில் வடகிழக்குக் காற்று வீசும்போது மனித வாடையும் நீரை விட்டுப் பின்னால் போய்விடும். ஆடிக் காற்றில் இந்தக் கணக்கு மாறும் என்பது உண்மைதான். எல்லா மாதத்துக்கும் பொருந்தும் இடம் என்று ஒன்று கிடையாது.

மேடையைவிட மேடைக்குப் போகும் வழி முக்கியம் என்பேன். ஏரிக்கரையின் உச்சியில் வரிசையாக நடந்து வருபவர்களின் உருவம் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரிவதால், அவர்கள் படியில் கால் வைப்பதற்கு முன்பே நாரைகள் எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விடும். வழியைக் கரையின் வெளிச்சரிவில், நீருக்கு மறைவாகக் கொண்டுவந்து, கடைசித் தொலைவுக்கு மூங்கில் தட்டி கட்ட வேண்டும். காவிரியோர நீர்மருத மரங்களில் வாழும் சாம்பல் நிற மலை அணில் கிளைவிட்டுக் கிளை தாவியே நடமாடுவது. காட்சிக்கு மறைக்கிறது என்று நான்கு கிளைகளை வெட்டினால், பார்க்க வந்த அணிலின் பாதையையே அறுத்ததாகிவிடும்.

உயரம் கூடக்கூடக் காட்சியும் கூடும் என்பது பெரும்பாலும் தவறான எண்ணம். நீர்ப்பறவைகளைப் பார்க்க மூன்று அடி உயரத் திண்ணையும் முன்னால் ஒரு மறைப்பும் போதும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீள வேண்டும் என்பதால், மூன்று அடிக்கு 36 அடியில் முடிந்துவிடும். 20 அடிக் கோபுரத்துக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. மறைப்பில் பார்வைத் துளைகளை நிற்பவருக்கு ஒன்றரை மீட்டர் அளவிலும், உட்கார்ந்திருப்பவருக்கும் சிறுவருக்கும் ஒரு மீட்டருக்குச் சற்று மேலும் விட வேண்டும்.

யானை தென்பட்டதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடி முன் கைப்பிடியில் சாய்வார்கள் என்பதை வைத்தே பலத்தைக் கணக்கிட வேண்டும். மக்கள் கூடி நிற்கும் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ சுமை என்று பொறியாளர் எடுத்துக்கொள்வது இதற்காகத்தான். இரும்புத் தகட்டுப் படி ஒவ்வொரு செருப்புக்கும் அதிரும். தகரக் கூரை வெயிலில் மின்னும், மழையில் முழங்கும். கல்லுக்குப் பஞ்சமில்லாத கிருஷ்ணகிரியில் கல்தூணும் கற்பலகையும் இருக்க, மரக்காலை நேராக மண்ணில் நட்டுக் கறையானுக்குக் கொடுப்பானேன்?

கட்டி முடித்தபின் வரும் செலவை மதிப்பீட்டில் சேர்க்காமல் விடுவது கடைசித் தவறு. மாலையில் பூட்டுவதற்கு ஆள் இல்லாத மேடை, சில மாதங்களில் குடிப்பவர்களின் இடமாகி, பாட்டில் சில்லு காட்டுக்குள் சிதறும். உயர்ந்த தளத்தின் அடிப்பகுதியில் மலைத்தேனீ கூடு கட்டுவதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் அடிப்பக்கத்தை ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். கூடு தென்பட்டால் புகை போட்டு விரட்ட முயலாமல், தேனீக்கள் தாமாகக் கிளம்பும் வரை மேடையை மூடி வைக்க வேண்டும்.