அமெரிக்கக் கச்சேரி விசா: சறுக்கும் இடங்கள்

கிளீவ்லாந்தில் 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டரை ஒட்டி நடக்கிறது. அதை வைத்தே அமெரிக்க டூர் போடும் கர்நாடக இசைக் கலைஞர்கள் உண்டு. ஆனால் மார்கழி சீசன் களைப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் பலருக்கு விசா ஞாபகமே வரும்.

அப்போது தோன்றும் குறுக்கு வழி, கையில் இருக்கும் பி-1/பி-2 (B-1/B-2) டூரிஸ்ட் விசா. "சன்மானம் வாங்கவில்லை, டிக்கெட்டும் சாப்பாடும்தான்" என்ற சமாதானம் தொழில்முறைக் கலைஞர் விஷயத்தில் எடுபடாது. உங்கள் படம் போட்ட கச்சேரி போஸ்டர், டிக்கெட் விலையோடு இணையத்தில் கிடக்கும். விமான நிலையத்தில் அதிகாரி அதைத் தேடி எடுக்க எவ்வளவு நேரமாகும்?

சரியான விசாவுக்குக் கலைஞர் தானே மனுப் போட முடியாது. அமெரிக்காவில் இருக்கும் சபாவோ ஏஜென்டோ ஐ-129 படிவத்தைக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். கச்சேரிக்கு ஓராண்டு முன்பிருந்தே அனுப்பலாம். கூடுதல் கட்டணம் கட்டினால் 15 நாளில் பதில் என்பார்கள். 2024 ஏப்ரலில் இருந்து அது 15 வேலை நாள். மனு ஏற்கப்பட்டாலும் அது விசா ஆகிவிடாது. சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்துத் தூதரகத்தில் நேர்காணல் பாக்கி இருக்கிறது.

கர்நாடக சங்கீதம், பரதம், தெருக்கூத்து போன்றவற்றுக்குப் பி-3தான் (P-3) பொருத்தமான வகை; ஒரு சமூகத்துக்கே உரிய தனிப்பண்புள்ள கலைகளுக்கான விசா அது. "ஃப்யூஷன் கலந்திருக்கிறதே" என்று பயந்து அதை விட்டுவிட வேண்டாம். அர்ஜென்டினாவிலிருந்து கிளெஸ்மர் என்ற யூத இசை வாசிக்க வந்த குழுவின் வழக்கில், கலப்பு வடிவமும் ஒரு சமூகத்தின் தனிப்பண்பாக இருக்கலாம் என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பி-3 வாங்கிக்கொண்டு நடுவில் ஒரு சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ராவிலும் வாசிப்பது வேறு கதை. எல்லா நிகழ்ச்சிகளும் அந்தக் கலை சார்ந்தவையாக இருக்க வேண்டும் என்பது விதி.

கலையின் தனிப்பண்பை நிரூபிக்க வல்லுநர் கடிதங்களோ பத்திரிகை விமர்சனங்கள் போன்ற ஆவணங்களோ வேண்டும். தமிழ்ப் பத்திரிகை விமர்சனத்தை அப்படியே இணைத்தால் பயனில்லை. முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர வேண்டும். தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதத்தையும் பலர் கடைசி வாரத்தில்தான் தேடுகிறார்கள். அதற்குச் சங்கீதக்காரர்கள் அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பை அணுகுவது வழக்கம்.

பக்கவாத்தியம் என்ற சொல்லே ஒரு வம்பு. 'பக்கம்' என்றதும் மிருதங்கக்காரரையும் வயலின்காரரையும் உதவியாளர் வகையான பி-3எஸ்ஸில் (P-3S) போட்டுவிடுகிறார்கள். தனி ஆவர்த்தனம் வாசிப்பவர் உதவியாளரா என்ன? அவர்கள் பி-3 கலைஞர்களே. ஒலி அமைப்பாளர் போன்றவர்களுக்குத்தான் அந்த எஸ், அதற்குத் தனி மனு. நட்டுவாங்கம் செய்பவரையும் அதில் தள்ள வேண்டாம்.

பெயர்தான் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. மேடையில் ஊர்ப்பெயரோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்த இன்னொரு பெயர். மனுவில் பாஸ்போர்ட் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். மேடைப் பெயரை 'வேறு பெயர்' கட்டத்தில் போடலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், இருக்கும் ஒற்றைப் பெயர் விசாவில் சர்நேமாகிவிடும். முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழும். பார்த்ததும் பதற வேண்டாம், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

போன இடத்தில் "நம்ம ஊர் சங்கத்திலும் ஒரு கச்சேரி" என்று அன்பாகக் கேட்பார்கள். மனுப் போட்டவரே அதே மாதிரி நிகழ்ச்சியை மனு செல்லுபடியாகும் காலத்துக்குள் சேர்க்கலாம், புது மனு வேண்டாம். அவருக்குத் தெரியாமல் வேறொருவர் ஏற்பாட்டில் பாடினால் அனுமதியில்லாத வேலை.

அப்புறம் சன்மானம். வெளிநாட்டுக் கலைஞரின் மொத்தத் தொகையில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். குறைத்துப் பிடிக்கச் செய்ய வேண்டுமானால், முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பாவது அமெரிக்க வரித் துறைக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பேசிய தொகை வரிக்கு முன்பா, பின்பா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.