காசிமேட்டு வீடியோவுக்குப் பாட்டு போடும் முன்

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் பிடித்து, அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஓட்டி யூடியூபில் ஏற்றுகிற பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் இருக்கின்றன. வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. அதனால் நீங்களே பாடினாலும் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உள்ளவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். "பத்து செகண்டுதானே", "கீழே நன்றி போட்டுட்டேனே" என்பதெல்லாம் செல்லாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை நொடி வரை இலவசம் என்று எங்கும் இல்லை.

முதல் வேலை: வீடியோவை உடனே எல்லாருக்கும் திறந்துவிடாமல், பிரைவேட்டில் ஏற்றுங்கள். உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் பதிவுகளோடு உங்கள் ஒலியை கன்டென்ட் ஐடி என்கிற யூடியூபின் தானியங்கிச் சோதனை ஒப்பிட்டுப் பார்க்கும்.

இரண்டாவது, பாட்டுக்காக யூடியூபிலிருந்து அறிவிப்பு வந்தால், அது க்ளைமா (உரிமை கோரல்) ஸ்ட்ரைக்கா என்று பாருங்கள். க்ளைம் என்றால் பெரும்பாலும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ முடங்கும். ஸ்ட்ரைக்தான் ஆபத்து; உரிமையாளர் கேட்டு வீடியோவையே நீக்கவைத்தால் சேனல்மேல் விழும் எச்சரிக்கை அது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

மூன்றாவது, க்ளைம் வந்த வீடியோவை யூடியூப் ஸ்டுடியோவில் திறந்து, அந்த இடத்தை வெட்டலாம், பாட்டை ஊமையாக்கலாம், வேறு இசையை மாற்றலாம். கையில் அனுமதி இருந்தால் மட்டும் டிஸ்ப்யூட், அதாவது க்ளைமுக்கு மறுப்பு, போடுங்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு.

சரி, இசைக்கு எங்கே போவது? ஸ்டுடியோவிலேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது, இலவசம். சில பாட்டுகளுக்கு மட்டும் பெயர் குறிப்பிடச் சொல்வார்கள், அதை அப்படியே விவரப் பகுதியில் ஒட்டிவிடுங்கள்.

ஆனால் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் இருக்கிறவர்கள் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? பக்கத்துத் தெருவில் கானா பாடுகிற அண்ணனிடம் கேளுங்கள். பெயர்கூடப் போடாமல் அவர் பாட்டை எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பெரிய கம்பெனியின் பாட்டைக் காக்கிற அதே சட்டம்தான் அவர் பாட்டையும் காக்கிறது.

கேட்கும்போது மெட்டு யாருடையது என்பதை முதலில் கேளுங்கள். சினிமா மெட்டில் வரி கட்டிய கானாக்கள் நிறைய உண்டு. அதற்கு அண்ணன் சம்மதம் மட்டும் போதாது. சொந்த மெட்டு என்றால், வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்தப் பாட்டு, எந்த வீடியோ, பணம் எவ்வளவு, வருமானம் வந்தால் அவருக்குப் பங்கு என்ன என்று தெளிவாக இருக்கட்டும். காலமும் இடமும் எழுத மறக்காதீர்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் உலகம் முழுக்கப் போகிறது, அதனால் "உலகம் முழுவதும்" என்றே எழுதுங்கள். ஒலிப்பதிவு வேறொருவர் செய்திருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும்.

அப்புறம், பாட்டே வேண்டாத வீடியோக்களும் உண்டு. ஏலம் கூவுகிற குரல், ஐஸ் உடைக்கிற சத்தம், படகு இன்ஜின் இவையே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பக்கத்து டீக்கடை ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் அதையும் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். எனக்கு முதல் க்ளைம் அப்படித்தான் வந்தது. பத்தடி தள்ளி நின்று எடுங்கள், இல்லையென்றால் கடைக்காரரிடம் இரண்டு நிமிஷம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.