பழைய பிரிட்டிஷ் லாரி இன்ஜின்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்ட்னர் 180 நல்ல இன்ஜினா, லேலண்ட் 680 நல்ல இன்ஜினா? பிரிட்டனில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேர் கூடினால் இந்த வாதம் வராமல் போகாது. இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஒருவர் ஓட்டியது 24 டன் எட்டுச் சக்கர வண்டியாகவும் மற்றவர் ஓட்டியது 32 டன் ட்ரெய்லராகவும் இருக்கும். ஆண்டு, எடை, கியர்பாக்ஸ், டீசல் பம்ப் செட்டிங் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் ஒப்பிட முடியாது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

பெயரில் உள்ள எண்ணை ஒரே மாதிரி படிப்பது

கம்பெனிக்குக் கம்பெனி எண்ணின் பொருள் மாறும். லேலண்டும் ஏ.இ.சி.யும் கன அங்குலக் கொள்ளளவைத்தான் பெயரில் வைத்தன. லேலண்ட் 600 என்பது 9.8 லிட்டர், 680 என்பது 11.1 லிட்டர். ஏ.இ.சி. ஏ.வி.690 என்றால் 11.3 லிட்டர், ஏ.வி.760 என்றால் ஏறக்குறைய 12.5 லிட்டர். பெர்கின்ஸ் 6.354 ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம், அதாவது 5.8 லிட்டர். கார்ட்னரில் முதல் எண் சிலிண்டர்களைக் குறிக்கும்; பின்னால் வரும் எழுத்துகள் ரகத்தைச் சொல்லும். ‘கார்ட்னர் 180’ என்று பேச்சில் சொல்லும்போது மட்டும் அது குதிரைத்திறன். கம்மின்ஸ் 220, ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் 220 ஆகியவற்றில் இருப்பதும் குதிரைத்திறன் (எச்.பி.).

இந்த இரண்டு 220-களும் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். இரண்டிலும் போர் (சிலிண்டர் விட்டம்) 5⅛ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 6 அங்குலம், கொள்ளளவு 12.17 லிட்டர். ஆனாலும் டீசல் செலுத்தும் முறை முற்றிலும் வேறு. ஒன்றின் கையேட்டை வைத்து மற்றதைப் பிரிக்கவே கூடாது.

எண்ணூர் காமெட் லாரிகளில் பழகியவர்கள் ‘லேலண்ட் இன்ஜின்’ என்றதும் அதையே நினைப்பார்கள். காமெட்டில் இருந்தது 350 வரிசையின் சிறிய இன்ஜின். லங்காஷயரில் தயாரான ஆக்டபஸ், பீவர் வண்டிகளின் 600, 680 வேறு குடும்பம். உதிரி பாகங்கள் பொருந்தா.

ஒரே பெயரை ஒரே இன்ஜின் என்று எண்ணுவது

‘ஆறு சிலிண்டர் கார்ட்னர்’ என்று மட்டும் சொன்னால் போதாது. 1931-ல் வந்த எல்.டபிள்யூ. வரிசையின் 6 எல்.டபிள்யூ. 8.4 லிட்டர், முதலில் 102 எச்.பி., பிறகு 112. 1958-ல் வந்த 6 எல்.எக்ஸ். 10.45 லிட்டர், 1,700 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,700 சுற்றில்) 150 எச்.பி. அதே கொள்ளளவில் 1960களின் இரண்டாம் பாதியில் வந்த 6 எல்.எக்ஸ்.பி., 1,850 ஆர்.பி.எம்.மில் 180 எச்.பி. மூன்றுக்கும் இடையே இழுவையில் பெரிய வித்தியாசம் உண்டு. லேலண்ட் 680-யும் அப்படித்தான். தொடக்க காலத்து 680-யையும், 2,200 ஆர்.பி.எம்.மில் 200 எச்.பி. தந்த பவர்-ப்ளஸ் 680-யையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

பிளேட்டைப் பார்த்து, இன்ஜின் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்குங்கள். மீட்டெடுத்த பழைய லாரிகள் பலவற்றில் பஸ்ஸிலிருந்து கழற்றிய கார்ட்னர்தான் இருக்கிறது. பஸ்ஸில் எரிபொருள் அளவைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்த செட்டிங்கை மாற்றாமலே லாரியில் ஏற்றிவிட்டு, ‘கார்ட்னர் இழுக்கவில்லை’ என்று சொல்வது இன்ஜினுக்குச் செய்யும் அநியாயம்.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது, அல்லது டார்க்கை மட்டும் பார்ப்பது

கணக்கு எளிது. எச்.பி.யை 5,252-ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுத்தால் பவுண்டு-அடியில் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்று விசை, கிடைக்கும். லேலண்ட் பவர்-ப்ளஸ் 200 எச்.பி. × 5,252 ÷ 2,200 = 477. கார்ட்னர் 180 × 5,252 ÷ 1,850 = 511. முழு வேகத்தில் ஓடும்போது 20 எச்.பி. குறைந்த இன்ஜின்தான் கூடுதல் டார்க் தருகிறது. ‘கார்ட்னர் கொஞ்ச எச்.பி.யில் நிறைய இழுக்கும்’ என்ற பேச்சு பிறந்தது இதிலிருந்துதான்.

ஆனால் அதை வைத்து ‘ஆகவே கார்ட்னர் மலையில் வேகமாக ஏறும்’ என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஏற்றத்தில் வண்டி எந்த வேகத்தில் போகும் என்பதை எச்.பி.யும் எடையும்தான் தீர்மானிக்கின்றன. பதினைந்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். கியர், ஆக்ஸில் இழப்பு 15 சதவீதம், டயர் உருளும் தடை எடையில் 0.8 சதவீதம் என்று வைத்தால், 180 எச்.பி. இன்ஜின் 32 டன்னை மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றும். 200 எச்.பி. இன்ஜின் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றும். அதே 180 எச்.பி.யில் 24 டன் என்றால் 23 கிலோமீட்டர். இரண்டு இன்ஜின்களுக்கு இடையிலான வித்தியாசம் 2 கிலோமீட்டர். இரண்டு சுமைகளுக்கு இடையிலான வித்தியாசம் 6 கிலோமீட்டர். வட இங்கிலாந்தின் ஷாப் ஃபெல் ஏற்றத்தில் எந்த லாரி எதை முந்தியது என்று பேசும்போது முதலில் கேட்க வேண்டியது பின்னால் எத்தனை டன் இருந்தது என்பதைத்தான்.

அப்படியானால் கார்ட்னர் பலசாலி என்று கைக்குத் தோன்றுவது எதனால்? ஆர்.பி.எம். 1,000 பக்கம் இறங்கினாலும் அதன் டார்க் குறைவதில்லை, அதனால் கியர் மாற்ற வேண்டிய தடவைகள் குறைகின்றன. அந்தக் காலத்து கியர்பாக்ஸில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஏற்றத்தில் அந்தச் சில நொடிகளில் வண்டி பொத்தென்று வேகம் இழக்கும். ஓட்டுநரின் கையும் காலும் சொல்லும் இந்தத் தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அதை எச்.பி. கணக்கோடு கலக்கக் கூடாது.

எச்.பி. எண் எந்த அளவீட்டில் சொல்லப்பட்டது என்பதும் முக்கியம். ஃபேன், டைனமோ, ஏர் கம்ப்ரஸர் இல்லாமல் அளந்த மொத்த எச்.பி.யும், எல்லாவற்றையும் மாட்டி அளந்த நிகர எச்.பி.யும் வேறு. பழைய விளம்பரத் தாளில் இருப்பது எது என்று பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாதீர்கள்.

சட்டம் மாறிய ஆண்டுகளை மறப்பது

1964-ல் பிரிட்டனில் எடை வரம்பு உயர்ந்தது. எட்டுச் சக்கர வண்டிக்கு 24 டன்னாக இருந்தது 28 டன் ஆனது. ட்ரெய்லர் வண்டிக்கு 32 டன். 1950களில் 112 எச்.பி. கார்ட்னர் போட்ட வண்டி கௌரவமாக வேலை பார்த்ததற்குக் காரணம், அதன் மீது ஏறிய சுமையும் அப்போதைய வேக வரம்பும். கனரக வண்டிக்கு 1957 வரை மணிக்கு 20 மைல்தான் அனுமதி. எம்1 நெடுஞ்சாலை 1959-ல் திறந்த பிறகு ஒரே சீராக முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓட வேண்டிய நிலை வந்தது. அதற்கு முன் தெரியாத பலவீனங்கள் அப்போது வெளியே வந்தன.

1973 ஏப்ரல் முதல் புதிதாகப் பயன்பாட்டுக்கு வந்த கனரக வண்டிகளுக்கு டன்னுக்கு 6 எச்.பி. கட்டாயம் என்ற விதி வந்தது. 32 டன்னுக்கு 192 எச்.பி. வேண்டும். கார்ட்னர் 180 போட்ட வண்டி 30 டன்னோடு நின்றுவிடும். இன்ஜின் கெட்டுப்போய் அது பின்தங்கவில்லை. கணக்கு இடம் கொடுக்கவில்லை. எட்டு சிலிண்டர் கார்ட்னர் 240-க்கும் கம்மின்ஸ் 250-க்கும் தேவை கூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக்ஸில் விகிதத்தை விட்டுவிடுவது

2,200 ஆர்.பி.எம். லேலண்டைக் கழற்றிவிட்டு 1,850 ஆர்.பி.எம். கார்ட்னரை மாட்டினால், அதே ஆக்ஸிலில் உச்ச வேகம் 16 சதவீதம் குறையும். 10.00-20 டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்றும். ஆக்ஸில் 5.2-க்கு 1, டாப் கியர் நேரடி என்றால், லேலண்ட் மணிக்கு 51 மைல் போகும். கார்ட்னர் 43 மைலோடு நிற்கும். ‘கார்ட்னர் மந்தம்’ என்ற பெயர் இப்படித்தான் சில வண்டிகளுக்கு வந்தது. ஓவர்டிரைவ் கியர்பாக்ஸோ, விகிதம் குறைந்த ஆக்ஸிலோ போட்டால் அந்தக் குறை தீரும்.

மைலேஜுக்கும் இது பொருந்தும். காலனுக்கு எத்தனை மைல் என்பதை அந்த ஓட்டத்தின் மொத்த எடையோடு பெருக்கிப் பாருங்கள். 24 டன்னில் 9 மைல் தந்த வண்டிக்கு 216 டன்-மைல். 32 டன்னில் 7.5 மைல்தான் தந்த வண்டிக்கு 240. மைல் குறைந்தாலும் இரண்டாவதுதான் சிக்கனமான வண்டி. பிரிட்டிஷ் காலன் 4.55 லிட்டர், அமெரிக்க காலன் 3.79 லிட்டர் என்பதும் நினைவிருக்கட்டும்.

டூ-ஸ்ட்ரோக்கை ஃபோர்-ஸ்ட்ரோக் போல நடத்துவது

காமர் டி.எஸ்.3 ஓர் அற்புதமான இன்ஜின். மூன்று சிலிண்டரில் ஆறு பிஸ்டன், ஒன்றை ஒன்று பார்த்தபடி. சிலிண்டர் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. 3.26 லிட்டரில் 105 எச்.பி., 2,400 ஆர்.பி.எம். ஃபோடன் எஃப்.டி.6 ஆறு சிலிண்டர், 4.09 லிட்டர், 2,000 ஆர்.பி.எம்.மில் 126 எச்.பி. ‘நாலு லிட்டர் இன்ஜின் பத்து லிட்டர் இன்ஜினோடு போட்டியா?’ என்று கேட்பவர்கள், டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் எரிகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஃபோடனைக் கார்ட்னர் போல ஆர்.பி.எம். இறங்க விட்டு இழுக்கக் கூடாது. அதன் சக்தி மேல் பாதியில்தான் இருக்கிறது. 12 கியர் பாக்ஸை அதோடு கொடுத்ததே இன்ஜினை அந்த ஆர்.பி.எம். வரம்புக்குள் வைத்து ஓட்டத்தான். டி.எஸ்.3-யை நீண்ட நேரம் ஐடிலில் விடுவது கெடுதல். சரியாக எரியாத டீசலும் ஆயிலும் எக்ஸாஸ்ட் போர்ட்களில் கரியாகப் படியும், துவாரம் சுருங்கும், இன்ஜின் மூச்சு முட்டும். ‘டி.எஸ்.3 பலமில்லை’ என்று சொல்லும் முன் போர்ட்களைச் சுத்தம் செய்து பாருங்கள். ஆயிலும் கையேடு சொல்லும் ரகம்தான். இன்றைய மல்டிகிரேடு ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள்.

நிலைமையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது

அறுபது வயதான இரண்டு இன்ஜின்களை ஒப்பிடும்போது எது நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்பதைத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறோம். ஏ.இ.சி. ஏ.வி.590, ஏ.வி.690 இரண்டும் வெட் லைனர், அதாவது குளிர்விக்கும் நீர் நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறை கொண்டவை. லைனரின் அடிச் சீல் தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் ரேடியேட்டர் நீர் குறையும். நீர் ஆயில் சம்ப்புக்குப் போயிருக்கும். இரவு முழுதும் நிறுத்தி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சம்ப் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். நீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் முதலில் அதுதான் சொட்டும். நீர் வந்தால் இன்ஜினை ஓட்டவே வேண்டாம், பேரிங் போய்விடும்.

கரும்புகை விட்டபடி பாய்ந்து போகும் இன்ஜினைப் பார்த்து அது பலசாலி என்று நினைக்காதீர்கள். அதிகபட்ச எரிபொருள் ஸ்க்ரூவை யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். இப்படிக் கூட்டிக் கிடைக்கும் சில எச்.பி.க்கு விலை, பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும்.

டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) முறையும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கார்ட்னரில் பம்பின் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தனி கை லீவர் உண்டு. சில லீவர்கள் அசையாமல் நிற்கும். பம்ப் பழுது என்று பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் கேம் ஏற்கெனவே மேலே தூக்கியிருக்கிறது. சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் போட்டு இன்ஜினைக் கையால் கொஞ்சம் திருப்பினால் லீவர் வேலை செய்யும். இதையே கம்மின்ஸில் தேடினால் கிடைக்காது. அங்கே பம்பிலிருந்து இன்ஜெக்டருக்கு உயர் அழுத்தக் குழாயே கிடையாது. இன்ஜெக்டரைக் கேம்தான் அழுத்துகிறது. சக்தி குறைந்தால் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சுக் குழாயில் காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது கெட்ட பழக்கம். பெர்கின்ஸ் பி6 போன்ற தனி எரியறை இன்ஜின்கள் குளிரில் தாமதமாகத்தான் பிடிக்கும். அதற்குத் தேவை நல்ல பேட்டரியும் வேகமான கிராங்கிங்கும்.

கடைசியாக, பிளோயர் (காற்றை உள்ளே தள்ளும் கருவி) வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து. பிளோயர் ஆயில் சீல் கிழிந்தாலோ, ஏர் கிளீனரில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலோ, இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து, கட்டுப்பாடில்லாமல் ரேஸ் ஆகும். அப்போது டீசலை நிறுத்தியும் பயனில்லை; காற்றைத்தான் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். இன்டேக் வாயைவிடப் பெரிய தட்டையான கனத்த பலகை ஒன்றை ஸ்டார்ட் செய்யும் முன்பே பக்கத்தில் வையுங்கள். அடைத்து நிறுத்திய பிறகு, பிளோயர் சீலையும் ஏர் கிளீனர் ஆயில் மட்டத்தையும் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.