செகண்ட் அப்பீல்: அட்மிஷன் நாளுக்கு முன்னால்

முதல் அப்பீலில் வந்த தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடுவது செகண்ட் அப்பீல். அதை விசாரணைக்கு எடுப்பதா என்று பார்க்கும் அட்மிஷனுக்கு எழுந்து நின்றதும் நீதிபதியிடமிருந்து வரும் முதல் கேள்வி, "கொஸ்டின் ஆஃப் லா என்ன?" அதற்கு "மை லார்ட், இந்தச் சொத்தை வாதியோட தாத்தா..." என்று ஆரம்பித்தால், தாத்தா காலமாவதற்குள் அப்பீல் காலமாகிவிடும்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் ஹைகோர்ட் கதவைத் திறக்கும். அந்தக் கேள்வியை அப்பீல் மனுவான மெமோவிலேயே எழுதியாக வேண்டும். வாதி தரப்பின் இரண்டாம் சாட்சியை (பி.டபிள்யூ.2) வைத்துப் பலர் எழுதுவது இப்படி: "பி.டபிள்யூ.2 சாட்சியத்தைக் கீழ்க் கோர்ட் சரியாகப் பார்க்காதது சரியா?" கடைசியில் கேள்விக்குறி போட்டதால் மட்டும் அது சட்டக் கேள்வி ஆகிவிடாது. அதே வழக்குக் கட்டைப் புரட்டினால், எதிர்வாதியின் உரிமைக்கு அடிப்படையே பதிவாகாத ஒரு பாகப்பத்திரம் (எதிர்வாதி தரப்பின் ஐந்தாம் ஆவணம், எக்ஸ்.பி.5) என்று தெரியலாம். அப்போது எழுதுங்கள்: "பதிவுச் சட்டம் 17, 49 பிரிவுகளின்படி பதிவு கட்டாயமாக இருந்தும் பதிவாகாத எக்ஸ்.பி.5ஐ, உரிமைக்கு ஆதாரமாக முதல் அப்பீல் கோர்ட் ஏற்றது செல்லுமா?" ஆவணம், பிரிவு, தவறு மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. இப்படி இரண்டு மூன்று போதும். பதினாலு போட்டால் ஒன்றும் தேறாது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

அப்பீலுக்கான காரணங்களை, அதாவது கிரவுண்ட்ஸை, வாதமும் கதையும் இல்லாமல், சுருக்கமாக, வரிசை எண் போட்டு எழுதச் சொல்கிறது ஆர்டர் 41 ரூல் 1. 'கதை வேண்டாம்' என்று சட்டத்திலேயே எழுதிவைத்தவருக்கு வக்கீல்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெறும் பண வசூல் வழக்கு, தொகை 25,000 ரூபாய்க்குள் என்றால் 102ஆவது பிரிவு தடுக்கும்; கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்பீல் போடக் கெடு, டிகிரி (தீர்ப்பாணை) தேதியிலிருந்து 90 நாள். காப்பி வாங்க ஆன நாட்களைக் கழிக்கலாம். மனுப் போட்ட தேதியும் காப்பி தயாரான தேதியும் காப்பியிலேயே இருக்கும். தாண்டிவிட்டால் தாமத மனு. அதில் மஞ்சள் காமாலை எழுதும் பழக்கத்தை விடுங்கள். தமிழ்நாட்டில் அப்பீல்காரர்களுக்கு வருகிற அளவு மஞ்சள் காமாலை வேறு யாருக்கும் வருவதில்லை. உண்மைக் காரணத்தைத் தேதியோடு சொல்லுங்கள். மனுவில் 112 நாள், அஃபிடவிட்டில் 121 நாள் என்றிருந்தால், மனுக்களைச் சரிபார்க்கும் செக்‌ஷனிலேயே ரிட்டர்ன் ஆகும்.

கோர்ட்டுக்குக் கொடுக்கும் ஆவணத் தொகுப்பான டைப்செட்டில் ஒரு கண்ணி உண்டு. நீதிபதியிடம் உள்ள செட்டுக்குக் கிளார்க் கையால் பக்க எண் போட்டிருப்பார். உங்கள் செட் எண் போடுவதற்கு முன்பே எடுத்த ஜெராக்ஸ். "பேஜ் 47" என்பீர்கள், அங்கே நீதிபதி பார்ப்பது வக்காலத்து. எண் போட்ட பிறகே ஜெராக்ஸ் எடுங்கள். காட்டப்போகும் நாலு பக்கத்துக்குக் கொடி ஒட்டுங்கள். நாற்பது ஒட்டினால் ஒட்டாததற்குச் சமம்.

கோட் பையில், கழுத்தில் கட்டும் வெள்ளை பேண்ட் உபரியாக ஒன்று இருக்கட்டும். கோடையில் கறுப்புக் கோட்டுக்கு விலக்கு கீழ்க் கோர்ட்டுகளுக்குத்தான், ஹைகோர்ட்டில் வெந்தே ஆக வேண்டும்.

கேள்வி வந்தால் முதலில் "ஆமாம்" அல்லது "இல்லை", பிறகு காரணம். நீதிபதி ஜோக் அடித்தால் சிரியுங்கள். பதில் ஜோக் வேண்டாம். "அட்மிட்" என்றதும் மெயின் வாதத்தை நிறுத்துங்கள், ஆனால் உட்காராதீர்கள். அப்பீல் போட்டதாலேயே டிகிரி நிற்காது. டிகிரியை நிறுத்திவைக்கக் கோரும் ஸ்டே மனுவைக் கேட்காமல் வெளியே வந்தால், வராண்டாவில் கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.